பொனட்டைத் திறந்தா அடுப்படி வெக்கை

சித்திரை வெயில் தொடங்கின உடன எனக்கு வாற கடிதமெல்லாம் ஒரே கதைதான், கார் சுடுது, கார் கொதிக்குது, கார் நிண்டிட்டுது. இந்த முறை வந்ததில ஒண்டு கொஞ்சம் வித்தியாசமானது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு, அதனால அதுக்குத்தான் கனக்க இடம் குடுத்திருக்கிறன், மற்ற ஆக்கள் கோவிக்கக் கூடாது.

கேள்வி: அண்ணை, என்னட்ட 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்ரர் ஒண்டு இருக்குது, பெரியப்பா விட்டிட்டுப் போனது. கன வருசம் கொட்டிலுக்குள்ள கிடந்து போன வருசம்தான் ஓட வெளிக்கிட்டது. கோண்டாவிலில இருந்து சாவகச்சேரி மட்டும் ஒரு கரைச்சலும் இல்லாமல் போகுது, ஆனா சூட்டு மீற்றர் 190இல நிக்குது, அதைப் பாக்கவே பயமாக் கிடக்கு. சந்தையடியில பத்து நிமிசம் நிப்பாட்டிப்போட்டு வந்து திறப்பைத் திருப்பினா ஸ்ராட் வராது, வந்தாலும் இருமி இருமி நிக்குது. பொனட்டைத் திறந்தா வெக்கை முகத்தில அடிக்குது. முக்கால் மணித்தியாலம் விட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்ராட் வருது. ஒரு கராச்சில தெர்மோஸ்ரற்றைக் கழட்டி எறியச் சொல்லினம், இன்னொராள் பெரிய ரேடியேற்றர் போடச் சொல்லுறார், மூண்டாவது ஆள் பொனட்டில ஓட்டை வெட்டச் சொல்லுறார். நான் என்ன செய்ய? – வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, முதல்ல அந்த மூண்டாவது ஆளைக் காருக்குக் கிட்ட விடாதேங்கோ.

இரண்டாவது, உங்கட மீற்றர் காட்டுறது பரனைட். 190 பரனைட் எண்டா 88 பாகை செல்சியஸ், அது ஒரு சுகமான எஞ்சினின்ர சூடு. தண்ணி கொதிக்கிறது 212இல, அதுவும் திறந்த சட்டியில, ரேடியேற்றர் மூடி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தா அதுக்கும் மேல போகவேணும். ஆகவே உங்கட எஞ்சின் கொதிக்கேல்லை. எஞ்சின் கொதிக்கிறது வேற, பொனட்டுக்குள்ள வெக்கை நிக்கிறது வேற, இந்த ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பித்தான் முக்கால்வாசிப் பேர் காசைக் கொட்டுறது. ஓடேக்க நல்லா ஓடுது, நிப்பாட்டினாப் பிறகுதான் வருத்தம் எண்டா பெரிய ரேடியேற்றர் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனெண்டா நிப்பாட்டின காரில தண்ணியும் ஓடாது காத்தாடியும் சுத்தாது, ரேடியேற்றர் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அது சும்மா தொங்குற தகரம்தான்.

என்ன நடக்குது எண்டு சொல்லுறன். எங்கட ஊரில ஓடித் திரிஞ்ச ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் தெரியும்தானே, உங்கட எம்.ஜி.பி.யில இருக்கிறதும் அதே பி சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான், அதுகளில 1489, 1622 சீசீ, உங்கடதில 1798 சீசீ, ஒற்றைக் கார்பரேற்றருக்கு, அதாவது பெற்றோலையும் காத்தையும் கலக்கிற சாமானுக்கு, பதிலா எஸ்.யூ. கார்பரேற்றர் ரெண்டு. இந்தக் குடும்பத்தின்ர குணம் என்னெண்டா காத்துப் போற வழியும் புகை வாற வழியும் எஞ்சினின்ர ஒரே பக்கத்தில இருக்கும். புகையை வெளிய கொண்டுபோற வார்ப்பிரும்பு எக்ஸோஸ்ற் மனிபோல்ட் கீழ, அதுக்கு மேல சாஞ்சமாதிரி கார்பரேற்றர் ரெண்டும். அடுப்புக்கு மேல பரண் கட்டி அதில பெற்றோல் வைச்ச மாதிரி. ஓடேக்க புதுப் பெற்றோல் வந்துகொண்டே இருக்கும், காத்தும் அடிக்கும், ஒண்டும் தெரியாது. நிப்பாட்டின உடன அந்த இரும்பில இருக்கிற சூடெல்லாம் மேல ஏறி கார்பரேற்றரில பெற்றோல் தேங்கி நிக்கிற மிதவைக் கிண்ணத்தைத்தான் பிடிக்கும். பெற்றோலில இருக்கிற லேசான பகுதி 35, 40 பாகையிலேயே கொதிக்க வெளிக்கிட்டிடும், எங்கட மத்தியான வெயிலே அதுக்குக் கிட்ட நிக்குது, பிறகு பொனட்டுக்குள்ள கேக்கவேணுமோ.

கொதிச்ச பெற்றோல் ஜெற் எண்ட சின்ன ஓட்டைக்கால பொங்கி உள்ள போகும், முதல் கொஞ்ச நேரம் எஞ்சின் நனைஞ்சு போய் ஸ்ராட் வராது, இன்னும் கொஞ்சம் போனா கிண்ணம் வெறுமையாகிடும், அப்பவும் ஸ்ராட் வராது. எது எண்டு கண்டுபிடிக்கிறது லேசு. அடுத்த முறை சந்தையடியில இப்படி நிண்டா திறப்பை ஒன் மட்டும் திருப்பிப்போட்டு செல்ப் அடிக்காமல் காதைக் குடுத்துக் கேளுங்கோ. எம்.ஜி.பி.யின்ர பெற்றோல் பம்ப் எஞ்சினில இல்லை, பின்னால வலது சில்லுப் பக்கம், கரண்டில ஓடுற எஸ்.யூ. பம்ப், டிக் டிக் எண்டு அடிக்கும். கடகடவெண்டு கன தரம் அடிச்சுப்போட்டு ஓய்ஞ்சா கிண்ணம் காஞ்சு கிடந்திருக்குது, இப்ப நிரம்பிட்டுது, செல்ப் அடியுங்கோ. ரெண்டு தரம் அடிச்சு ஓய்ஞ்சு, பெற்றோல் மணமும் வந்தா நனைஞ்சு கிடக்குது, அப்ப அக்சிலேற்றரை அடிமட்டும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு அடியுங்கோ, திருப்பித் திருப்பி மிதிக்கக் கூடாது. கிண்ணத்துக்கு மேல ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரத்தில ஸ்ராட் வந்துதெண்டா பிறகு சந்தேகமே இல்லை, வருத்தம் இதுதான். பக்கத்தில ஒருத்தரும் சிகரெற் பத்தாமல் பாத்துக்கொள்ளுங்கோ.

இனி வைத்தியம். அதுக்கு முதல் வீட்டில ஒரு விசயம் கேளுங்கோ, பெரியப்பா தொண்ணூறுகளில சண்டை நேரம், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருக்கேக்க, இந்தக் காரை மண்ணெண்ணெயில ஓடினவரோ? இதை நான் பகிடிக்குக் கேக்கேல்லை. மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது, அதுக்குச் சூடு வேணும். அதனால அந்த நாளில கார்பரேற்றர் சுட்டாத்தான் கார் ஓடும், இப்ப நாங்கள் எதைத் துரத்துறமோ அதைத்தான் அப்ப வருந்திக் கூப்பிட்டது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேனும் குறைவு, தட்டுற சத்தம் வரும் எண்டு ரைமிங்கை, அதாவது பிளக் பொறி விடுற நேரத்தை, பின்னுக்கு இழுத்து வைக்கிறது. என்னட்ட வந்த அந்தக் காலத்துக் கார்கள் சிலதில கார்பரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில இருக்க வேண்டிய வெக்கை மறைப்புத் தகடே இல்லை, ரைமிங் அப்பிடியே பின்னுக்குக் கிடக்குது, இப்ப ஓடுறது 92 பெற்றோலில. ரைமிங் பின்னுக்கு நிண்டா பெற்றோல் பிந்தி எரியும், எரியிற சூடு பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸோஸ்ற்றுக்கால போகும், மனிபோல்ட் இன்னும் சிவக்கும். அதாவது சண்டை முடிஞ்சு இவ்வளவு காலமாகியும் உங்கட கார் இன்னும் தடைக்காலத்திலயே ஓடிக்கொண்டிருக்கக் கூடும்.

ஆகவே முதல் வேலை ரைமிங். கையேட்டில உள்ளபடி ரைமிங் லைற் பிடிச்சு வையுங்கோ. அதோட டிஸ்ரிபியூற்றரில, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற சாமானில, இருக்கிற வட்டப் பெட்டிக்குப் போற மெல்லிய குழாயைக் கார்பரேற்றர் பக்கத்தில கழட்டி, அந்த முனையில வாயை வைச்சு உறிஞ்சி நாக்கால அடைச்சுப் பிடியுங்கோ, நாக்கு ஒட்டிக்கொண்டு நிக்கவேணும். காத்து நழுவினா உள்ளுக்கு இருக்கிற சவ்வு கிழிஞ்சிட்டுது, அப்ப நேரா ஓடுற றோட்டிலயும் ரைமிங் பிந்தித்தான் நிக்கும். அம்பது அறுபது வருசச் சவ்வு, பாதிக் காரில கிழிஞ்சுதான் இருக்கும். பிளக்கையும் கழட்டிப் பாருங்கோ, வெள்ளையா வெளிறிக் கிடந்தா பெற்றோல் காணாமல் எரியுது, அதுவும் சூடுதான், பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா சரி.

ரெண்டாவது அந்த மறைப்புத் தகடு. கார்பரேற்றருக்குப் பின்னால ஒரு பெரிய தகடு, அதில மனிபோல்ட் பாக்கிற பக்கம் வெக்கை தாங்குற ஒட்டுப் பலகை, தகட்டுக்கு ரெண்டு பக்கமும் பேக்கலைற்றில, அதாவது சூட்டை லேசில கடத்தாத கெட்டிப் பிளாஸ்ரிக்கில, செய்த தடிச்ச துண்டு, அதுக்குக் கஸ்கற். இதெல்லாம் இருக்குதோ எண்டு எண்ணிப் பாருங்கோ. பேக்கலைற் துண்டு இல்லாமல் வெறும் கஸ்கற் போட்டிருந்தா இரும்புச் சூடு நேரா கார்பரேற்றருக்கு ஏறும், இருக்கிற சாமானில மலிவானதும் இதுதான், கூடப் பலன் தாறதும் இதுதான். ஒரு எச்சரிக்கை, பழைய தகட்டில ஒட்டியிருக்கிறது அஸ்பெஸ்ரஸ். அதைச் சுரண்டவோ உரஞ்சவோ வேண்டாம், தூளை மூச்சில எடுக்கக் கூடாது, நனைச்சு பொலித்தீனில சுத்திக் கழட்டி வையுங்கோ, புதுத் தகட்டுக்கு இப்ப வாற அலுமினியத் தாள் ஒட்டின வெக்கைத் துணியை ஒட்டலாம்.

மூண்டாவது, காத்து எங்கால வருது எங்கால போகுது எண்டு பாருங்கோ. ரேடியேற்றரைச் சுத்தி ஒரு தகட்டுச் சுவர் இருக்கும், அந்த ஓரங்களில முதல் ரப்பர் இருந்தது, இப்ப எல்லாம் உக்கிப் போயிருக்கும். முன்னால வாற காத்து ரேடியேற்றருக்கால போகாமல் அந்த இடைவெளிக்கால நழுவும், மெல்லப் போகேக்க பொனட்டுக்குள்ள இருக்கிற வெக்கைக் காத்தே திரும்பி முன்னால வந்து பேந்தும் ரேடியேற்றருக்கால போகும். ஸ்பொஞ் ரப்பர் வாங்கி ஒரு பின்னேரம் இருந்து அடைச்சுவிடுங்கோ. ரேடியேற்றரின்ர மீன் செதில் மாதிரித் தகடுகளுக்குள்ள செம்மண் புழுதியும் புல் விதையும் இறுகிப் போய்க் கிடக்கும், பின்பக்கத்தில இருந்து தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ, பிரஷர் கூட வைச்சா செதில் மடங்கிடும்.

கரண்டுக் காத்தாடி போடலாமோ எண்டு அடுத்த கடிதத்தில கேப்பீங்கள், இப்பவே சொல்லுறன். நிப்பாட்டின பிறகும் ரெண்டு மூண்டு நிமிசம் ஓடுற மாதிரிப் போட்டா உங்கட வருத்தத்துக்கு நல்ல மருந்துதான், ஆனா 1966 கார் டைனமோ கார், அதாவது பற்றிக்குக் கரண்ட் குடுக்கிறது பழைய காலத்து டைனமோ. எஞ்சின் ஐடிலில மெல்ல ஓடேக்க அது கிட்டத்தட்ட ஒண்டும் தராது, நல்லூர்த் திருவிழா நேரம் பருத்தித்துறை றோட்டில ஊர்ந்து ஊர்ந்து போகேக்க காத்தாடி, லைற், பெற்றோல் பம்ப் எல்லாம் பற்றியைத்தான் உறிஞ்சும், வீட்ட வந்து சேரேக்க பற்றி செத்துப்போகும். மற்றது உங்கட காரில பொசிற்றிவ் எர்த், பற்றியின்ர பிளஸ் பக்கம்தான் பொடியோட பூட்டிக் கிடக்கும். வயரை மாறிக் குடுத்தா காத்தாடி மறுபக்கம் சுத்தும். நான் இதை அனுபவத்தில சொல்லுறன், என்ர ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60க்கு காத்தாடி போட்டிட்டுப் பெருமையா ஓடித் திரிஞ்சன், முதலைவிடக் கூடச் சுடுது, ஒரு கிழமை மண்டையைக் குழப்பிக்கொண்டு இருந்தன், பிறகு மனிசிதான் பேப்பர் ஒற்றையைக் கிறிலுக்கு முன்னால பிடிச்சுப்போட்டு இது ஊதுது, இழுக்கேல்லை எண்டு சொன்னவ. ஆகவே போட்டா பேப்பரைப் பிடிச்சுப் பாருங்கோ, ஒட்டிக்கொண்டு நிக்கவேணும்.

என்ர எண்ணம், முதல் ரெண்டு வேலையோடயே உங்கட கரைச்சல் முக்கால்வாசி போயிடும். அதுமட்டும் சந்தைக்குப் போனா நிழலில நிப்பாட்டி பொனட்டைத் திறந்து விட்டிட்டுப் போங்கோ, பாக்க நாலு பேர் கூடுவினம், கூடட்டும்.

கேள்வி: என்ர மொறிஸ் மைனர் 1000, இந்த மாதம் மூண்டு தரம் கொதிச்சிட்டுது. தெர்மோஸ்ரற் கழட்டியாச்சு, ஒவ்வொரு நாளும் கிணத்துத் தண்ணி விட்டுத்தான் எடுக்கிறன், பிறகும் ஏன்? – வாசகர், சுன்னாகம்

பதில்: ஐயா, நீங்கள் கேள்வியிலயே பதிலை எழுதிப்போட்டீங்கள். உங்கட வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கோ, வெள்ளையாப் படை படையாக் கிடக்கும். வலிகாமம் முழுக்கச் சுண்ணக்கல்லுக்கு மேலதான் இருக்குது, கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கரைஞ்சு கிடக்குது, சூடாக்கச் சூடாக்க அது படியும். கேத்திலில படியிறதைக் கண்ணால பாக்கிறியள், எஞ்சினுக்குள்ள படியிறதை ஒருத்தரும் பாக்கிறதில்லை. ஒவ்வொரு நாளும் புதுத் தண்ணி எண்டா ஒவ்வொரு நாளும் புதுச் சுண்ணாம்பு. ஒழுகிற இடத்தை அடைக்காமல் தண்ணி விட்டுக்கொண்டிருக்கிறது அதைவிடப் பிழை.

எஞ்சின் புளொக்கில கீழ ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும், அதைத் திறந்து பாருங்கோ. ஒண்டும் வராது. அதாலதான் கன பேர் உள்ள தண்ணி இல்லை எண்டு நினைக்கிறது. குழாயைக் கழட்டிப்போட்டு ஓட்டைக்குள்ள கம்பியை விட்டுக் கிண்டுங்கோ, முதல் ஒரு கட்டி விழும், பிறகு துருவும் சுண்ணாம்புமாச் சேறு வரும், அது நிக்கும், திரும்பக் கிண்டுங்கோ, வெள்ளைத் தண்ணி வருமட்டும் விடாதேங்கோ. என்ர கராச்சில ஒரு மைனரில இருந்து ஒரு சிரட்டை நிறைய எடுத்திருக்கிறன்.

பிறகு சிற்றிக் அசிட், லீற்றருக்கு 50 கிராம் கணக்கில கரைச்சு விட்டு, எஞ்சினைச் சூடாக்கி அரை மணித்தியாலம் ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்கி, நாலஞ்சு தரம் அலசுங்கோ, கடைசிக்கு முதல் அலசலில கொஞ்சம் அப்பச்சோடா போட்டா புளிப்புப் போயிடும். கக்கூஸ் கழுவுற அசிட் விட்டா கெதியாப் போகும் எண்டு சொல்லுறவையைக் கேக்காதேங்கோ, அது ஈயப் பத்தையும் இரும்பையும் சேத்துத் தின்னும். ரேடியேற்றர் மிகவும் பழசெண்டா ஒண்டு தெரிஞ்சுகொண்டு இறங்குங்கோ, சில ஓட்டையை அந்தச் சுண்ணாம்புதான் அடைச்சுக்கொண்டு இருக்கும், அசிட் விட்ட அடுத்த நாள் ஒழுக வெளிக்கிடும். அது அசிட்டின்ர பிழை இல்லை. நல்லா அடைச்ச ரேடியேற்றர் எண்டா கழட்டி, மேல் தாங்கியைப் பிரிச்சு, கம்பி விட்டுத் துப்பரவாக்கிற ஆக்களிட்டக் குடுக்கிறதுதான் சரி.

தெர்மோஸ்ரற்றைத் திரும்பப் போடுங்கோ. அது சூட்டைக் கூட்டுற சாமான் இல்லை, எஞ்சின் குளிரா ஓடாமல் பாக்கிற கதவு. 74, 82, 88 எண்டு வரும், எங்கட ஊருக்கு 74 காணும். இனி விடுறது பற்றிக்கு விடுற வடிச்ச தண்ணி, அதோட மூண்டில ஒரு பங்கு கூலன்ற். அவசரத்துக்கு மழைத்தண்ணி பரவாயில்லை. கிணத்துத் தண்ணியைக் குடியுங்கோ, காருக்குக் குடுக்காதேங்கோ.

கேள்வி: அண்ணை, இவருக்கு ட்ரயம்ப் ஸ்பிற்பயர் எண்டா உயிர். எனக்கு அதில ஏறவே விருப்பமில்லை, காலடியில தணல் வைச்ச மாதிரிச் சுடுது, செருப்பு இளகுது. எஞ்சினைக் கழட்டாமல் ஏதும் செய்யலாமோ? – வாசகி, பருத்தித்துறை

பதில்: தங்கச்சி, முதல்ல ஹீற்றர் வால்வ் மூடிக் கிடக்குதோ பாருங்கோ. சிரிக்காதேங்கோ, இங்கிலாந்துக் குளிருக்குச் செய்த கார், அதின்ர ஹீற்றர் வால்வ் துருவேறித் திறந்தபடி இறுகினா வருசம் முழுக்கச் சுடுதண்ணி உங்கட முழங்காலுக்கு முன்னால ஓடிக்கொண்டிருக்கும். அந்த ரெண்டு ஹோஸையும் ஒண்டாப் பூட்டி ஹீற்றரை விலத்திவிடுங்கோ, பருத்தித்துறையில அது ஒருநாளும் தேவைப்படாது.

அதோட ஸ்பிற்பயரில கியர்பொக்ஸை மூடுற மூடி பழைய கார்களில வெறும் அட்டை. நனைஞ்சு காஞ்சு நெளிஞ்சு ஓரமெல்லாம் இடைவெளி விட்டிருக்கும், எஞ்சின் வெக்கை நேரா அதுக்கால வருது. பைபரில செய்த புது மூடி வாங்கலாம், இல்லாட்டி இருக்கிறதுக்கு உள்பக்கம் வெக்கைத் துணி ஒட்டி ஓரத்துக்கு ஸ்பொஞ் ரப்பர் வையுங்கோ. வயர் போற ஓட்டைகளில ரப்பர் வளையம் இருக்குதோ எண்டும் பாருங்கோ. புகை மணம் உள்ள வந்தா மட்டும் இதெல்லாத்தையும் விட்டிட்டு எக்ஸோஸ்ற் ஒழுக்கைத்தான் முதல் பாக்கவேணும், அது வெக்கைப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

இவருக்கும் ஒண்டு சொல்லுங்கோ, மேல எம்.ஜி.பி.க்குச் சொன்னதை அப்பிடியே இந்தக் காருக்குச் செய்ய வெளிக்கிட வேண்டாம். ஸ்பிற்பயரில பெற்றோல் பம்ப் எஞ்சினோட ஒட்டித்தான் இருக்குது, பெற்றோல் லைனும் சூட்டுக்குக் கிட்டவாப் போகுது, இதில பைப்புக்குள்ளயே பெற்றோல் ஆவியாகி அடைபடலாம். லைனைக் கொஞ்சம் விலத்திக் கட்டி வெக்கை உறை போட்டா காணும்.

கேள்வி: எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்கு வெள்ளை நாடா சுத்தினா வெக்கை குறையுமோ? பொனட்டின்ர பின்பக்கத்துக்கு வாசர் வைச்சு உயர்த்தினா? – வாசகர், மானிப்பாய்

பதில்: நாடா சுத்தினா குறையும், உண்மைதான். ஆனா வார்ப்பிரும்புக்கு அதைச் சுத்தினா சூடு முழுக்க இரும்புக்குள்ளயே நிண்டு வெடிக்கப் பாக்கும், ஈரமும் தங்கும், எங்கட உப்புக்காத்துக்கு ரெண்டு மழையில துருதான். எஞ்சின் ஒயில் ஒழுகி அதில ஊறினா நெருப்புத் திரி. காசிருந்தா செராமிக் பூச்சுப் பூசுவியுங்கோ, இல்லாட்டி மறைப்புத் தகடு.

பொனட்டை உயர்த்திறது ஊர்ந்து போகேக்கயும் நிப்பாட்டினாப் பிறகும் கொஞ்சம் உதவும். ஆனா வேகமாப் போகேக்க முன் கண்ணாடிக்கு அடியில காத்து மோதி அமுக்கும், அதனால பின் இடைவெளிக்கால வெக்கை வெளிய வாறதுக்குப் பதிலா வெளிக்காத்து உள்ள போகலாம், அப்ப முன்னால ரேடியேற்றருக்கால வாற காத்துக்குப் போக இடமில்லாமல் போகும். நம்பாட்டி பின் ஓரத்தில ஒரு சாண் கம்பளி நூல் நாலஞ்சு துண்டு ஒட்டிப்போட்டு ஏ9 றோட்டில ஆனையிறவுப் பக்கம் ஒருக்கா ஓடிப் பாருங்கோ, பக்கத்தில இருக்கிறவரை நூலைப் பாக்கச் சொல்லுங்கோ, நீங்கள் றோட்டைப் பாருங்கோ.